புள்ளிக்கு ஒரு நாள், கோட்டுக்கு மூன்று நாள்

தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள், காலை ஆறேகால் மணிக்கு, கருணாம்பாள் தன் டிபன் கேரியரின் மேலடுக்கில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் கல்லாங்காட்டுப்புதூர் இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. சத்தம் கித்தம் எதுவும் இல்லை. கட்டுத்தறியில் மாடு மிரளவில்லை, அடுப்பில் பால் சிந்தவில்லை, பாயில் புரண்டு படுத்தவர்கள் புரண்ட பக்கமே தூங்கினார்கள். ஆறரை மணி டவுன் பஸ் வந்து ஊர் எல்லையில் முட்டி நின்றபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். நேற்றுவரை தார் ரோடாக நேரே போன இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் படி மாதிரி ரோடு நின்றது. குனிந்து அதன் அடியில் பார்த்தால் ஊரின் மறுகோடியில் விடிகிற வெளிச்சம் நீளமாக, ஒரு கோடு கிழித்தது போலத் தெரிந்தது.

"யாருப்பா இப்பிடிப் போட்டது? ஸ்பீடு பிரேக்கருக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றார் டிரைவர்.

பால் சொசைட்டிக்குக் கேனோடு போய்க்கொண்டிருந்த தெற்குத் தெரு ராக்கம்மா, "ஸ்பீடு பிரேக்கர் இல்லீங்க, ஊரு எந்திரிச்சிருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு, பால் நேரமாகிவிட்டதால் நிற்காமல் போய்விட்டாள்.

இதற்குக் காரணமான டிபன் கேரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருணாம்பாளுக்கு வயது நாற்பத்தாறு. ஊர் நடுவில் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். ஆயிரம் அடி ஆழத்தில் புகைந்துபோன சப்மெர்சிபிள் மோட்டார்களை வண்டி கட்டிக் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்குவார்கள். அவள் கருகிய கம்பியைப் பிடுங்கி எறிந்து, புதுத் தாமிரக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி வைத்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து அனுப்புவாள். தான் கட்டிய மோட்டார் திரும்பி வராது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அந்தத் தலைக்கனம் அவளுக்குப் பொருந்தவும் செய்தது. அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன் பால் சொசைட்டியில் பாலை அளந்து ஊற்றுகிறவர். பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்தாலும் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், ஆனால் வெளியே சொல்லமாட்டார்.

காசு பணத்துக்கு இல்லாமல், வெறும் ஆசைக்காக, பரீட்சை எழுதி அரசாங்க உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வானொலியில் பேசிக்கொள்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. காயலான் கடையில் கிடைத்த ஒரு ரேடியோ புத்தகம் கருணாம்பாளை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மற்றவர்களெல்லாம் வானத்தில் முட்டித் திரும்புகிற விறுவிறுப்பான அலைகளின் மேல் பைத்தியமாக இருந்தபோது அவளுக்கு மட்டும் இருப்பதிலேயே தாழ்ந்த அலையின் மேல் கண் விழுந்தது. அது பூமியை ஒட்டிப் போகும், மண்ணுக்குள் இறங்கும், கடலுக்கு அடியிலும் கொஞ்ச தூரம் நடக்கும். ஆனால் ஆமை நடை. பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருவர் அதைக் கேட்க வேண்டுமானால் நாள்கணக்கில் காத்திருந்து சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துத்தான் ஒரு எழுத்தை அறிய முடியும். அத்தனை நாளும் அனுப்புகிற கருவி இம்மி பிசகாமல் ஒரே அலையில் நிற்க வேண்டும். அங்கேதான் எல்லாரும் கைவிடுவார்கள். எண்ணிக்கை பிசகாமல் சுற்றுகிற தொழிலில் இருபது வருஷம் இருந்தவளுக்கு அதுதான் பிடித்தது.

கருவியை அவளே செய்தாள். சுவர்க் கடிகாரத்துக்குள் இருக்கும் படிகத்துண்டு நொடிக்கு முப்பத்தீராயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு தடவை நடுங்கும்; அதைப் பாதியாக்கி, இன்னொரு தடவை பாதியாக்கினால் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதுதான் அவள் அலை. வெளியிலிருந்து எந்த மின்னிரைச்சலும் உள்ளே புகக்கூடாது என்பதால், தன் கல்யாணச் சீரில் வந்த நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்தாள். அடியடுக்கில் படிகம், வெயிலிலும் பனியிலும் அது மாறிவிடாதபடி சுற்றிலும் அரிசித் தவிடு. இரண்டாம் அடுக்கில் பாதியாக்குகிற சில்லு. மூன்றாம் அடுக்கில் அலையின் முனைகளை வழவழப்பாக்குகிற காயில். மேலடுக்கில் அலையின் பலத்தைக் காட்டும் முள்ளும் பொத்தானும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, வழக்கமாகப் பெயர் வெட்டும் இடத்தில், 'கருணாம்பாள் - சொந்தத் தயாரிப்பு' என்று வெட்டி வாங்கினாள்.

அதை எடுத்துக்கொண்டு நகரத்தில் நடந்த வானொலிச் சங்கத்தின் கண்காட்சிக்குப் போனாள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் கம்பெனிக் கருவிகள் வரிசையாக இருந்தன. இவள் கேரியரை வாங்கிய ஆள் அதை நேரே சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மதியம் யாரோ சாம்பார் தேடித் திறந்து தவிட்டுக்குள் கரண்டியை விட்டார்கள். சங்கச் செயலாளர் வந்து மூடியில் வெட்டியிருந்ததை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "சொந்தத் தயாரிப்பா? சமையல்தானே?" என்றார். முப்பது பேர் சிரித்தார்கள். கருணாம்பாள் தவிட்டைக் கொட்டிவிடாமல் அள்ளி, அடுக்குகளைப் பூட்டி, பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். வழி முழுக்க கேரியரை மடியிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அந்த ஆத்திரம் ஒன்றரை வருஷம் ஆறவில்லை.

அந்த ஒன்றரை வருஷத்தில் டெல்லிக்கு எழுதி எழுதி பரீட்சார்த்த அனுமதி வாங்கினாள்: முப்பத்திமூன்று நாள், ஒரே ஒரு தடவை, உரிமத்தோடு அவளுக்கு மட்டும் பெயர் மாதிரி கொடுத்திருந்த அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் அனுப்பலாம். கே, எம், ஓ. புள்ளியும் கோடுமாக அனுப்புகிற முறையில் கே என்றால் கோடு, புள்ளி, கோடு. எம் என்றால் இரண்டு கோடு. ஓ என்றால் மூன்று கோடு. அவள் கணக்குப்படி புள்ளிக்கு ஒரு நாள், கோட்டுக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் சும்மா, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மூன்று நாள் சும்மா. கூட்டிப் பார்த்தால் சரியாக முப்பத்திமூன்று.

ஆன்டெனாவுக்கு அவளிடம் கோபுரம் இல்லை. ஊரில் தண்ணீர் வராத போர்வெல்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. வடக்கே பஞ்சாயத்துத் தலைவர் பொங்கியண்ணனின் காட்டில் ஆயிரத்து நூறு அடிக்கு ஒன்று, தெற்கே தெற்குத் தெருவுக்காகத் தோண்டிக் கைவிட்ட ஒன்று. இரண்டின் இரும்புக் குழாய்க்கும் கம்பி இழுத்து, நடுவில் தன் கடையில், பதினேழு நாள் உட்கார்ந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மேல் சுற்றிய காயிலில் கொண்டுவந்து சேர்த்தாள். மின்சாரம் போனால் ஓட நாலு லாரி பேட்டரியும் வைத்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். அந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இருந்த அத்தனையும் எழும்பியது.

முதல் நாள் ஊர் கொஞ்சம் திகைத்தது, இரண்டாம் நாள் ஏற்பாடு செய்தது. எல்லையில் கருங்கல் அடுக்கி மண் கொட்டி பஸ் ஏறச் சரிவு கட்டினார்கள். அப்பால் இருந்து வருகிறவர்கள் ஒரு சாண் காலைத் தூக்கி வைத்து ஏறவும், போகிறவர்கள் ஒரு சாண் இறங்கவும் பழகினார்கள். கிராம நிர்வாக அதிகாரி வந்து டேப் பிடித்து அளந்து, ஒரு சாண் நாலு விரல் என்று கண்டு, அதை எந்தப் பதிவேட்டின் எந்தக் கலத்தில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் 'நிலம் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. தெற்குத் தெருவுக்கு ஊரில் எது வந்தாலும் கடைசியில்தான் வரும், ரோடானாலும் குழாயானாலும் தெருவிளக்கானாலும். இது மட்டும் வடக்குக்கும் தெற்குக்கும் ஒரே நொடியில் ஒரே உயரத்தில் வந்தது. பொங்கியண்ணனின் பங்காளி ஒருவர் தெற்குக் கம்பியைக் கோயிலோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"நீளம் கொறஞ்சா சத்தம் கொறஞ்சு போயிருங்க. அப்பறம் அளந்து பாருங்க, அரைச் சாண்தான் எந்திரிப்பீங்க," என்றாள் கருணாம்பாள். அரைச் சாணுக்கு அவர் சம்மதிக்கவில்லை, பேச்சு அத்தோடு முடிந்தது.

நாலாம் நாள் காலை ஊர் இறங்கியது, ஐந்தாம் நாள் ஒரு நாளைக்கு மட்டும் எழும்பியது, ஆறாம் நாள் இறங்கியது, ஏழாம் நாள் மூன்று நாளைக்கு எழும்பியது. இதற்குள் கோடும் புள்ளியும் ஊர்க்காரர்களின் உள்ளங்காலுக்குப் பாடமாகிவிட்டன. இறங்குகிற நேரம் வந்தால் எல்லாரும் இருந்த இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, பத்தாம் நாளுக்குள் அது சம்பிரதாயமாகிவிட்டது. கோடு நாளில் கறந்த பால் பொழுது சாயும் வரைக்கும் திரியவில்லை என்று நஞ்சப்பன் நோட்டில் குறித்துவைத்தார். எம் என்ற எழுத்தின் முதல் கோட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. பத்திரிகையிலேயே 'கோட்டின் இரண்டாம் நாள், காலை ஏழரைக்கு மேல்' என்று அச்சடித்திருந்தார்கள். மேலத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சாகக் கிடந்தவர், "மேல இருக்கறப்ப போனா மண்ணுக்குத் தூரமாப் போயிரும், எறங்கட்டும்," என்று சொல்லி, இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, ஊர் இறங்கி எல்லாரும் தரையிலிருந்து கையை எடுத்த பிறகு நிம்மதியாகப் போனார். வாசல்களில் பெண்கள் புள்ளிக் கோலத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் கோடும் போட ஆரம்பித்தார்கள்.

இத்தனை பெருமை வந்தால் அதில் பங்கு கேட்க ஆள் வராமல் இருக்குமா? பொங்கியண்ணன் பத்துப் பேரோடு கடைக்கு வந்தார். அறுபத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, யாரிடமும் கேட்டுப் பழகாத குரல்.

"அம்மிணி, உலகத்துக்கே கேக்கற மாதிரி அனுப்பற. கே எம் ஓன்னு யாருக்குமே புரியாததை எதுக்கு அனுப்போணும்? நம்ம அம்மன் பேரை அனுப்பு. இல்லாட்டி ஊர் பேரையாவது அனுப்பு."

"மாமா, சாமி பேரு, கட்சி பேரு, ஊர்ப் பெருமை எதையும் அனுப்பக்கூடாதுன்னு சட்டமுங்க. என்ற குறியை மட்டுந்தான் அனுப்பலாம். அதுவும் ஒருக்காத்தான்."

"அப்ப ஊரு எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றது உன்ற பேரைச் சொல்றதுக்கா?"

கருணாம்பாள் காயில் கட்டுகிற கையை நிறுத்தவில்லை. "ஆமாங்க மாமா. அதுக்குத்தானுங்க," என்றாள்.

ஊர் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தது. மறுநாள் புதுக் கோடு பிறந்து எல்லாரையும் தூக்கியபோது கோபத்தை வைத்துக்கொள்ள இடம் போதவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லையில் நின்று, கழுத்தைக் கொஞ்சம் அண்ணாந்து, "இப்ப என்ன எழுத்துங்க ஓடுது?" என்று கேட்டபோது, கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவர் பொங்கியண்ணனேதான். "எம் முடிஞ்சுதுங்க. இப்ப ஓடறது ஓ. நம்ம ஓ," என்றார். அந்த 'நம்ம'வைக் கேட்டுக்கொண்டிருந்த நஞ்சப்பன் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு முட்டை கூடுதலாகக் கிடைத்தது.

அந்த ஓ-வில்தான் அவள் உயிரே இருந்தது. இரண்டு கோடு போய் மூன்றாம் கோடு போகாவிட்டால் அது அரைகுறை ஓ ஆகாது; அது எம். கேட்கிறவருக்கு கே எம் எம் என்றுதான் விழும். அது இன்னொருவருடைய குறி, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பெயர். முப்பது நாள் ஊரைத் தூக்கித் தூக்கி இறக்கி, கடைசியில் வேறு யாரையோ கூப்பிட்டதாக ஆகிவிடும். இதை அவள் ஊருக்குப் பலமுறை எடுத்துச் சொன்னாள். ஊருக்கும் புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. கடைசிக் கோடு தொடங்குகிற முப்பத்தோராம் நாளைப் பெரிய நோம்பியாகக் கொண்டாடிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

கோயில் முன்னால் மேடை எழும்பியது. வடக்கிலிருந்து தெற்குவரை சீரியல் பல்பு தொங்கியது. கருணாம்பாள் காலை ஆறேகாலுக்குப் பொத்தானை அழுத்தி, முள் சரியான இடத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தெற்குக் குழாயின் கம்பி இணைப்பைச் சரிபார்க்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில் மைக்செட்காரர் பேட்டரி இல்லை என்று கையை விரிக்க, விழாக் குழுவினர் மோட்டார் கடைக்குள் போய், ஒரு மாதமாகத் தொடாமல் சும்மா கிடந்த நாலு லாரி பேட்டரியையும் எடுத்துப் போனார்கள். இந்த மாதம் முழுக்க மின்சாரம் ஒரு தடவைகூடப் போகவில்லையே, இவை எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பதினொரு மணிக்கு சீரியல் பல்பு அத்தனைக்கும் டிரான்ஸ்பார்மரில் நேராகக் கொக்கி போட்டார்கள். பதினொன்று ஐந்துக்கு டிரான்ஸ்பார்மர் ஒரே ஒரு தடவை டமார் என்றது.

கருணாம்பாள் ஓடி வந்தபோது கடை இருட்டாக இருந்தது. பேட்டரி இருந்த இடத்தில் நாலு சதுரமாகத் தூசி இல்லாத தரை மட்டும் இருந்தது. மேடையிலிருந்து பேட்டரிகளைத் தூக்கி வந்தார்கள். காலையிலிருந்து 'ஹலோ மைக் டெஸ்டிங்' சொல்லிச் சொல்லி அவற்றை உறிஞ்சி முடித்திருந்தார்கள். முள் கீழே படுத்துவிட்டது. புது டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து சேர நாலு நாள் ஆகும் என்று போனில் தெரிந்தது. அனுமதி முடிய இன்னும் மூன்று நாள்கூட இல்லை.

பொங்கியண்ணன் வந்தார். தலைத்துண்டு கையில் இருந்தது. "அம்மிணி, தப்புப் பண்ணிப்போட்டோம். எங்க சந்தோசத்துல உன்ற சோத்துல மண்ணைப் போட்டுட்டமே," என்றார்.

கருணாம்பாள் கேரியரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்தாள். அப்போது வராத அழுகை இப்போது வந்தது. ஊர் அவளைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்தது. பிறகு, கருவி நின்றால் ஊர் இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால், வழக்கப்படி ஒவ்வொருவரும் இருந்த இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார்கள். கோயில் முன்னால், சாளை வீட்டு வாசலில், தெற்குத் தெருவில், தோட்டத்து வரப்பில், ஊரில் இருந்த அத்தனை பேரும் கையை வைத்துக்கொண்டு இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. நஞ்சப்பன் எழுந்து எல்லைக்குப் போனார். குப்புறப் படுத்து அடியில் பார்த்தார். ஊரின் மறுகோடி வெளிச்சம், நீளமாக, அப்படியே இருந்தது. திரும்பி வந்து பெண்டாட்டிக்கு முன்னால் நின்று, "நிக்குது புள்ள," என்றார்.

"எது நிக்குது?"

"ஊரு நிக்குது. எறங்க மாட்டீங்குது."

அந்த மூன்று நாள் எப்படிப் போனது என்று கல்லாங்காட்டுப்புதூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் தான் இன்னது செய்தேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மேடையைச் சத்தமில்லாமல் பிரித்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர்கள் போன் வராமலே பாதி நாளில் லீவு சொல்லித் திரும்பி வந்து எல்லையில் காலைத் தூக்கி வைத்து ஏறினார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் போகவில்லை, சண்டை போட வேண்டியவர்கள் ஒத்திவைத்தார்கள், வடக்கும் தெற்கும் தலையில் நிறைகுடம் சுமக்கிறவர்கள் போல நடந்தன. காலையும் மாலையும் மட்டும், மாடு யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், இரண்டு பக்கத்திலிருந்தும் பாலோடு எல்லாரும் நடு ஊர் சொசைட்டிக்கு வந்து போனார்கள். அனுப்புகிறோம் என்றோ தாங்குகிறோம் என்றோ யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மூன்று நாள் கழிந்து, மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு ஊர் உட்கார்ந்து கையை வைத்தது. யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி, ஊர் தானாக இறங்கியது.

கருணாம்பாள் நேர்மையான பொம்பளை. தன் குறிப்பேட்டில், 'முப்பத்தோராம் நாள், காலை 11.05, கருவி நின்றது' என்று எழுதினாள். ஊர் நின்றதை எழுத அதில் இடம் இல்லை. சங்கத்துக்கும் அதையே எழுதிப் போட்டாள். செயலாளர் போன் செய்தார்.

"ஆகக் கூடி, கடைசி எழுத்து போகலைங்கறீங்க."

"என்ற கருவியிலருந்து போகலீங்க சார்."

"வீட்டுல செய்யற சாமான்னா அப்படித்தாங்கம்மா," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் கேரியரைப் பரணில் ஏற்றிவிட்டு மோட்டார்களைப் பார்க்கத் தொடங்கினாள். இறங்கின நாளிலிருந்து ஊர் எழும்பவில்லை. எல்லையில் மட்டும் எல்லாரும், பஸ் டிரைவர் உட்பட, இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்து நடந்தார்கள்.

சித்திரையில் தபால்காரர் ஒரு அட்டை கொண்டுவந்தார். ஒரு பக்கத்தில் கடலும் புல்வெளியும் கறுப்பு வெள்ளை மாடுகளும். அட்லாண்டிக் கடலின் நடுவில் அசோர்ஸ் என்ற தீவுகளில் மாடு மேய்த்துப் பால் விற்கிற மனுவேல் என்பவர் எழுதியிருந்தார். மின்கம்பியே இல்லாத மேய்ச்சல் காட்டில் காயில் கட்டித் தொங்கவிட்டு அலை கேட்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கருணாம்பாள் பால் சொசைட்டி வாசலில் நின்று, சுற்றிலும் ஊர் நிற்க, இங்கிலீஷில் பார்த்துத் தமிழில் வாசித்தாள்.

"கே, எம், ஓ. மூணு எழுத்தும் முழுசாக் கெடைச்சுது. முப்பத்திமூணு நாளும் அலை எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்திரெண்டை விட்டு நகரலை." இங்கே அவள் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு தொடர்ந்தாள். "எல்லாத்தையும் விடக் கடைசிக் கோடுதான் பலமா இருந்துச்சு. அதுல ஒரு விசயம். அந்த மூணு நாளும் காலைல ஒருக்கா சாயந்தரம் ஒருக்கா சத்தம் இத்துனூண்டு நடுவுல சேந்து மறுபடியும் பரவுது. எங்க ஊர்ல பால் கறக்கற நேரத்துக்கு இப்பிடித்தான் எல்லாம் ஒரு எடத்துக்கு வந்து போகும். தப்பா நெனைக்காதீங்க, உங்க கருவில மாடு ஏதாவது கட்டியிருக்கீங்களா?"

ராக்கம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது, சிரிப்போடு சிரிப்பாகச் சிலர் அழுதார்கள், பொங்கியண்ணன் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். கேட்டிருக்கிறார்கள்! உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு மாட்டுக்காரர், இந்த ஊர் மூச்சைப் பிடித்து நின்ற மூன்று நாளையும் ஒரு நிமிஷம் விடாமல் கேட்டிருக்கிறார்.

பதில் அட்டை எழுதுவது வழக்கம். நஞ்சப்பன் சொசைட்டி மேசையைத் துடைத்துக் கொடுத்தார். அனுப்பியவர் பெயர், கருவி, ஆன்டெனா என்று அட்டையில் கட்டம் கட்டியிருந்தது. முதல் வரியில், ஓ-வின் இரண்டாம் கோடு வரைக்கும் என்று போட்டு, தன் பெயரை எழுதி, கருவி என்ற கட்டத்தில், பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த கேரியரின் மூடியில் இருந்ததையே எழுதினாள். இரண்டாம் வரியில், கடைசிக் கோடு என்று எழுதி, பேனாவை எடுத்துவிட்டாள். ஒன்றரை வருஷம் ஆத்திரப்பட்டு, முப்பத்திமூன்று நாள் உலகத்துக்கே கேட்கும்படி எதைச் சொல்ல ஆசைப்பட்டாளோ, அந்தப் பெயரை இங்கே எழுத அவளுக்கு மனமில்லை. எழுதாமல் விடுவதில் அதைவிடப் பெரிய கர்வம் இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அனுப்பியவர் என்ற கட்டத்தில், 'கல்லாங்காட்டுப்புதூர், 714 பேர்' என்று எழுதினாள்.

"மாட்டையும் போடு. கேட்டிருக்காரல்ல," என்றார் நஞ்சப்பன்.

"238 மாடுகள்" என்று சேர்த்தாள்.

பொங்கியண்ணன் அட்டைக்கு மேல் குனிந்து, விரலால் காலிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "கருவின்னு இங்க ஒரு எடம் சும்மா கெடக்குதே அம்மிணி. அன்னைக்குத்தான் கருவியே ஓடலியே. அதுக்கு என்ன போடறது?"

கருணாம்பாள் சுற்றி நின்ற முகங்களை ஒரு தடவை பார்த்தாள். வடக்கு, தெற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் குனிந்து, எழுத்து ஒவ்வொன்றையும் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

"என்னம்மிணி எழுதுன? படிச்சுச் சொல்லு," என்றார் பொங்கியண்ணன்.

"சொந்தத் தயாரிப்புன்னு போட்டிருக்கறனுங்க, மாமா."